ஊருக்கு வேலை கொடுத்த முதலாளிக்கு நினைவு மலர் தொகுப்பது எப்படி

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் ஒரு தீப்பெட்டி ஆலை முதலாளி காலமானால் அடுத்த பதினாறு நாள்களில் என்னென்ன நடக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. சுவரொட்டி ஒட்டுவார்கள், ஃபிளெக்ஸ் தட்டி வைப்பார்கள், நாளிதழில் கண்ணீர் அஞ்சலி வரும், பதினாறாம் நாள் விசேஷத்தன்று படத்திறப்பு நடக்கும். கரிசல் வெயிலில் அந்த ஃபிளெக்ஸ் ஒரு கோடையைத் தாண்டுவதில்லை. மறு ஆண்டு வெளிவரும் நினைவஞ்சலி விளம்பரத்தில் 'கொடை வள்ளல்', 'ஏழைப் பங்காளர்' என்ற அடைமொழிகள் இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் அது பக்கத்து ஊர் முதலாளிக்கும் அப்படியே பொருந்தும். நாற்பது ஆண்டுகளாக ஆலைக் கதவைச் சாத்தாமல் வைத்திருந்த ஒருவர் அதை எப்படிச் செய்தார் என்பதற்கு அந்த விளம்பரத்தில் இடமே இல்லை.

நான் கணக்கு எழுதிய ஆலையின் முதலாளி மறைந்தபோது, ஓராண்டு நினைவு நாளுக்குள் ஒரு மலர் கொண்டுவரும் பொறுப்பைத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் சேர்ந்து என்னிடம் ஒப்படைத்தார்கள். அந்த வேலையில் தெரிந்துகொண்டவற்றையும், தெரியாமல் செய்த தவறுகளையும் இங்கே எழுதுகிறேன். தீப்பெட்டியை வைத்து எழுதினாலும், பவானி ஜமக்காளமோ திண்டுக்கல் பூட்டோ செய்தவருக்கு மலர் தொகுப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பயன்படும்.

முதலில் பேரேடுகளைக் காப்பாற்றுங்கள்

மலரில் யார் வாழ்த்துரை எழுதுவது என்று பேசத் தொடங்குவதற்கு முன்பே, ஆலையின் அலுவலக அறைக்குப் போய்விடுங்கள். வாரிசுகள் அறையை ஒழிக்கும்போது முதலில் வெளியே போவது பரணில் சணல் கயிற்றால் கட்டி வைத்த பழைய நோட்டுகள்தாம். எங்கள் ஆலையில் நான் இரண்டு வாரம் தாமதித்ததால், தொடக்கக் கால வருகைப் பதிவேடுகளில் பாதிக்குமேல் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. கடைக்காரர் நல்ல மனிதர், தேடிப் பார்த்தார், ஆனால் அவை அதற்குள் பொட்டலம் மடிக்கப் போயிருந்தன.

குடும்பத்தாரிடம் வாய்மொழியாக மட்டும் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த ஆண்டின் எந்த நோட்டு, எத்தனை என்று பட்டியல் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு படியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். சொத்துப் பிரிவினை நடக்கும் வீட்டில், 'கணக்கு நோட்டை யாரோ தூக்கிக்கொண்டு போனார்' என்ற பேச்சு எழுவதற்கு ஒரு நாள் போதும்.

எடுக்க வேண்டியவை: வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், போனஸ் பட்டியல், வருங்கால வைப்பு நிதிச் சலான்கள், குச்சியும் மெழுகும் மருந்துச் சாமான்களும் வாங்கிய பில்கள், வங்கிக் கடிதங்கள், ஆலை அச்சடித்த லேபிள்கள் ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு. கலால் துறையின் பேண்ட்ரோல் என்ற வரிச்சீட்டு ஒட்டிய காலத்துப் பெட்டி ஒன்று அகப்பட்டால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்தச் சின்னச் சீட்டைப் பார்த்ததுமே மூத்த தொழிலாளர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள். நோட்டுகளை வெயிலில் காய வைக்காதீர்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் அது பழுப்பாகி எழுத்தையும் கெடுக்கும். உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டி, சன்னல் வெளிச்சத்தில் செல்பேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஆண்டு, மாத வாரியாகப் பெயரிட்டு இரண்டு இடங்களில் சேமித்தால் போதும்.

வருகைப் பதிவேட்டைப் படிக்கும் முறை

ஒருவரை 'ஊரின் வேலையைக் காப்பாற்றியவர்' என்று அட்டையில் அச்சிடப் போகிறோம் என்றால், அதற்குச் சான்று உள்ளே இருக்க வேண்டும். அந்தச் சான்று பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில்தான் கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டிலும் ஒரே மாதத்தை, தை மாதம் என்று வைத்துக்கொள்வோம், எடுத்து அதில் எத்தனை பெயர்கள் இருந்தன, ஆலை எத்தனை நாள் ஓடியது என்ற இரண்டை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மழைக்காலத்துக்குத் தனியாக இன்னொரு வரிசை எழுதுங்கள்.

பிறகு அந்த வரிசைக்குப் பக்கத்தில் தொழிலுக்கு வந்த சோதனைகளைத் தேதியோடு குறியுங்கள். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதமும் மற்றவற்றுக்கு 18 சதவீதமும் வரி விதிக்கப்பட்டது. மருந்து முக்குவதற்கு மட்டும் இயந்திரம் வைத்துக்கொண்டு, பெட்டி அடைப்பதை ஆட்களிடமே விட்டிருந்த சிறிய ஆலைகள் இந்த இரண்டு விகிதங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாத் தீப்பெட்டிக்கும் 12 சதவீதம் என்று ஆனது. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பே பொதுமுடக்கம் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டில் சிவப்புப் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, பொட்டாசியம் குளோரேட் என எல்லாமே விலை ஏறின. 2007 முதல் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாயானது. இதற்கிடையே மலிவான லைட்டர்கள் கடைகளை நிரப்பின. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்வதற்கு 2023 ஜூன் இறுதியில்தான் மத்திய அரசு தடை விதித்தது. இந்தத் தேதிகளுக்கு எதிரே உங்கள் முதலாளியின் பதிவேட்டில் பெயர்கள் குறைந்தனவா, நின்றனவா, கூடினவா என்று பாருங்கள். 600 பெட்டி கொண்ட ஒரு பண்டல் என்ன விலைக்குப் போனது என்பதைப் பில் புத்தகத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் எழுதிவிட்டால், அந்த ஒரு தாளே மலரின் முதுகெலும்பாக அமைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முழு இயந்திர ஆலைக்கு மாறினால் மிகச் சில ஆட்களே போதும் என்பதால், இயந்திரம் வாங்காமல் இருந்த எவரையும் தியாகி என்று எழுதிவிடத் தோன்றும். முதல் இல்லாததால் வாங்காதவரும், இத்தனை பெண்களை எங்கே அனுப்புவது என்று வாங்காதவரும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். கடன் தர வங்கி முன்வந்த கடிதம் இருந்து, அவர் அதை மறுத்திருந்தால் மட்டுமே அவ்வாறு எழுதுங்கள். இல்லையென்றால் 'இயந்திரம் வாங்கவில்லை' என்று மட்டும் எழுதுவது நேர்மை.

எங்கள் ஆலைப் பதிவேட்டில் நான் கண்ட ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். 2021 நவம்பர், விடாத மழை. குச்சிகளை அடுக்கி மருந்து முக்கிய கட்டைகள், அதாவது சட்டங்கள், காய வேண்டும். காயாவிட்டால் பெட்டி அடைக்க முடியாது. வேலை நின்ற நாள்களின் கட்டங்களில் மேற்பார்வையாளர் பென்சிலால் 'மழை' என்று எழுதியிருந்தார். அதே கட்டங்களில், பென்சில் எழுத்தின் மேலேயே, நீல மையில் முதலாளியின் சாய்ந்த கையெழுத்தில் 'அரை' என்று இருந்தது. வேலை நடக்காத நாளுக்கு அரைச் சம்பளம். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. கணக்கு எழுதிய எனக்கே அது மொத்தத் தொகையாகத்தான் வந்திருந்தது. மலரில் ஒரு முழுப் பக்கத்துக்கு அச்சிட்டது அந்தத் தாளின் படத்தைத்தான். மாண்புமிகுக்களின் வாழ்த்துரைகளை அரைப் பக்கத்துக்குச் சுருக்கியதில் சிலருக்கு வருத்தம் உண்டு.

தொழிலாளர்களிடம் கேட்கும் முறை

ஆலைக்குள் வைத்துக் கேட்காதீர்கள். மேற்பார்வையாளரோ வாரிசுகளோ நடமாடும் இடத்தில் யாரும் மனம் திறப்பதில்லை. வேலை முடிந்து, சமையலும் முடிந்த பிறகு, அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேளுங்கள். இத்தொழிலில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், கேட்பவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. எங்கள் குழுவில் பள்ளி ஆசிரியை ஒருவர் சேர்ந்த பிறகுதான் பேச்சு ஓடத் தொடங்கியது. செல்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் முன்னரே அனுமதி பெற வேண்டும். எழுதிய பிறகு அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, வேண்டாம் என்ற வரியை நீக்கிவிட வேண்டும்.

"முதலாளி எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "அண்ணாச்சி தங்கமானவருங்க." அதை அச்சிட்டால் விளம்பரமாகத்தான் இருக்கும். மாறாக, நாளையும் பொருளையும் தொட்டுக் கேளுங்கள். சம்பளம் எந்தக் கிழமை? என்றாவது தள்ளிப் போயிருக்கிறதா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதியில் கிளம்பினால் என்ன சொல்வார்? தீபாவளி போனஸ் எத்தனை நாளுக்கு முன்னால் வரும்? நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்று யார் கூட்டிப் போனார்கள்? கட்டை ஒன்றுக்கு அப்போது என்ன கூலி?

இப்படிக் கேட்டபோது ஒரு பெரியம்மா பேசுவதை நிறுத்திவிட்டு, மடியில் இல்லாத ஒரு கட்டையில் இல்லாத குச்சிகளை அடுக்கிக் காட்டத் தொடங்கினார். வேலையை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு கட்டைவிரல்களும் வரிப்பள்ளத்தைத் தடவிக்கொண்டே நகர, மற்ற விரல்கள் குச்சிகளைச் சமப்படுத்தின. "கை வேலை செய்யும்போதுதான் எனக்கு ஞாபகம் வரும் தம்பி" என்று சொல்லிவிட்டு, விரல்களை நிறுத்தாமலேயே, ஒரு சனிக்கிழமை வங்கியில் பணம் வராததால் முதலாளி தம் மோதிரத்தை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்த கதையைச் சொன்னார். இதை இன்னும் இருவர் தனித்தனியாகச் சொன்ன பிறகுதான் மலரில் சேர்த்தோம். ஒருவர் மட்டும் சொல்லும் செய்தியை 'என்று ஒருவர் நினைவுகூர்கிறார்' என்றே எழுத வேண்டும்.

குச்சி கொண்டுவந்த வியாபாரி, லாரி புக்கிங் அலுவலகத்தார், வீட்டில் பெட்டி ஒட்டிக் கொடுத்தவர்கள், ஆலை வாசலில் டீ விற்றவர் ஆகியோரையும் விட்டுவிடாதீர்கள். ஓர் ஆலை ஓடினால் யார் யாருக்குப் பிழைப்பு ஓடியது என்பது அவர்கள் பேச்சில்தான் விளங்கும். டீக்கடைக்காரர் தம் கடன் நோட்டைக் காட்டினால் அது இன்னொரு வருகைப் பதிவேடு.

புகழும் பழியும்

இந்த இடத்தில்தான் பெரும்பாலான மலர்கள் தடுமாறுகின்றன. தீப்பெட்டித் தொழிலின் கதையில் குழந்தைத் தொழிலாளர் என்ற பக்கம் உண்டு. சிவகாசி ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை நல நிதியில் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பு இங்கே ஆலை நடத்திய ஒருவரைப் பற்றி எழுதும்போது, பத்து வயதில் குச்சி அடுக்கியவர்கள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்து அந்த மலரை வாசிக்கப் போகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. உங்கள் முதலாளியின் ஆலையிலும் அது நடந்திருந்தால் எழுதுங்கள். எந்த ஆண்டோடு நிறுத்தினார், எப்படி நிறுத்தினார் என்பதையும் எழுதுங்கள். தீவிபத்தும் கூலித் தகராறும் அப்படியே. குடும்பத்தார் தயங்குவார்கள். தொழிலாளர்கள் நம்பாத ஒரு மலரை யாருக்காக அச்சிடுகிறோம் என்று பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் இணங்கிவிடுவார்கள்; எங்களுக்கு அதற்கு மூன்று சந்திப்புகள் ஆயின.

தோல்வியை மறைக்காமல் ஒருவரைப் பெருமைப்படுத்த முடியும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்ற ஆலையை நடத்திய ஆரன் ஃபியூர்ஸ்டைன் நல்ல எடுத்துக்காட்டு. 1995 டிசம்பர் 11, அவருடைய 70ஆவது பிறந்த நாள் இரவில், ஆலை எரிந்துபோனது. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஓய்வெடுக்கவோ வேறு நாட்டுக்கு ஆலையை மாற்றவோ அவரால் முடியும் என்று எல்லோரும் நினைத்திருக்க, அதே இடத்தில் மீண்டும் கட்டுவதாக அறிவித்து, ஏறக்குறைய 3,000 தொழிலாளர்களுக்கு வேலை இல்லாத நிலையிலும் பல வாரங்கள் சம்பளம் கொடுத்தார். மீண்டும் கட்டுவதற்கு வாங்கிய கடன் சுமையில் 2001இல் நிறுவனம் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. ஆலை அவர் கையை விட்டுப் போயிற்று. 2021 நவம்பரில் 95ஆம் வயதில் அவர் இறந்தபோது வந்த நினைவுக் கட்டுரைகள் சம்பளத்தையும் சொல்லின, திவாலையும் சொல்லின. அதனால் அவர் மதிப்பு குறையவில்லை.

மிகைப்படுத்துவதிலும் கவனம் வேண்டும். 'இப்பகுதிக்குத் தீப்பெட்டித் தொழிலைக் கொண்டுவந்தவர்' என்று எத்தனையோ பேரைப் பற்றி எழுதிவிட்டார்கள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டு சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியது ஊரறிந்த வரலாறு. மழை பொய்க்கும் மானாவாரி நிலமும், வறண்ட காற்றும், வேறு வேலை இல்லாத கைகளும் இருந்ததால் தொழில் பரவியது. உங்கள் முதலாளி அந்த வரிசையில் எந்த ஆண்டில், எந்த இடத்தில் வருகிறார் என்று எழுதினால் போதும்.

அச்சு வேலை

டெம்மி எட்டில் ஒன்று என்ற புத்தக அளவு கைக்கு அடக்கம். பதினாறு பக்கம் ஒரு பாரம் என்பதால், ஐந்து பாரம், அதாவது 80 பக்கம் என்று முன்னரே முடிவு செய்துகொண்டு எழுதுங்கள்; 83 பக்கம் என்று கொண்டு போனால் அச்சகத்தாரிடம் வீணாகத் தாளுக்குப் பணம் கொடுப்பீர்கள். பழைய புகைப்படங்களைச் செல்பேசியில் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினால் அச்சில் மங்கிவிடும். 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து கோப்பாகக் கொடுக்க வேண்டும். யுனிகோடில் தட்டச்சு செய்ததை அச்சகத்தின் எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது வழக்கம் என்பதால், மாற்றிய பிறகு முழுவதையும் மறுபடியும் மெய்ப்புப் பார்த்தாக வேண்டும்.

மெய்ப்பில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் தொழிலாளர் பெயர்ப் பட்டியல். மலர் கைக்கு வந்ததும் முதலில் புரட்டப்படுவது அந்தப் பக்கம்தான். முதலாளியின் படத்தைக்கூட அதற்குப் பிறகுதான் பார்ப்பார்கள். அகர வரிசையில் போடாமல் சேர்ந்த ஆண்டு வரிசையில் போட்டால், ஒன்றாக வேலைக்கு வந்தவர்கள் ஒன்றாகவே அச்சில் நிற்பார்கள். பதிவேட்டில் இருக்கும் பெயரும் ஊரில் வழங்கும் பெயரும் வேறாக இருந்தால் இரண்டையும் போடுங்கள். இறந்தவர்களை விட்டுவிடாதீர்கள். எங்கள் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டு, அவருடைய மகள் கண் கலங்கியபடி வந்து நின்றாள். தனிச் சீட்டு அச்சிட்டு எல்லாப் படிகளிலும் ஒட்டினோம்.

சிலை, அறக்கட்டளை

மலரோடு சிலையும் வேண்டும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பொதுச் சாலை, நடைபாதை போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எனவே அந்தப் பேச்சை ஆலை வளாகத்துக்குள் ஒரு படத்தோடு முடித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. மீதிப் பணத்தை ஓர் அறக்கட்டளைப் பரிசாக்கலாம். சிவகாசியில் 1963இல் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியின் வாசலைத் தாண்டும் மாணவர்கள் அந்தப் பெயரை நாள்தோறும் சொல்கிறார்கள். கல்லூரி கட்ட எல்லோராலும் முடியாது. ஐந்து லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 35,000 ரூபாய் வரும், அது தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் இரண்டு தொழிலாளர் பிள்ளைகளின் செலவுக்கு உதவும். தனி அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிய வேண்டும், நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்க வருமான வரித் துறையில் பதிவு வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும். இதையெல்லாம் பார்க்க ஆள் இல்லாத ஊரில், நல்ல பெயருள்ள பள்ளியோ கல்லூரியோ நடத்தும் பரிசுத் திட்டத்தில் ஒன்றாகச் சேர்த்துவிடுவது எளிது.

வெளியீட்டு நாள்

விழாவை ஆலை ஓடும் நாளில் வைப்பதாக இருந்தால் ஒரு கணக்கை முதலில் தீர்க்க வேண்டும். கட்டைக் கூலிக்கு வேலை செய்பவர் இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த இரண்டு மணி நேரக் கூலி போய்விடும். வாரச் சராசரியை எடுத்து, அன்றைக்கு உரியதை முன்னரே கொடுத்துவிடுமாறு வாரிசுகளிடம் பேசி முடியுங்கள்; அல்லது ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு மாற்றுங்கள். படத்தை மூத்த தொழிலாளர் ஒருவர் திறக்கட்டும். முதல் படியையும் இன்னொரு தொழிலாளர் பெறட்டும். பேச்சாளர்கள் மூவருக்கு மேல் வேண்டாம். பெயர்ப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படி இலவசம் என்பதை அச்சிடும் எண்ணிக்கையிலேயே சேர்த்துவிட வேண்டும்.

விழா முடிந்த வாரத்திலேயே இரண்டு படிகளைச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பேரேடுகளைக் கையெழுத்திட்ட பட்டியலோடு ஒப்பிட்டுக் குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுத்து, உங்களிடமுள்ள படியில் 'பெற்றுக்கொண்டோம்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.